கும்பகோணத்தில் ஒரு "ஆட்டோஇம்யூன் லிவர் ப்ரொஃபைல்": கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

முதலில் மார்க்கைப் போட்டுவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போய்விடலாம். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு 5-க்கு 5. சாம்பிளைக் கையாண்ட விதத்துக்கு 4. கஸ்டமர் கேருக்கு 1. அவர்கள் விற்கிற "ஆட்டோஇம்யூன் லிவர் ப்ரொஃபைல்" என்ற, உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த ஈரலையே தாக்குகிறதா என்று தேடுகிற ரத்த டெஸ்ட் பேக்கேஜுக்கு மட்டும் ஒரே மார்க் போட முடியாது. யாருக்காக, என்ன சந்தேகத்தில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 4-ம் போடலாம், பூஜ்யமும் போடலாம். எங்கள் வீட்டு விஷயத்தில் பூஜ்யத்துக்குப் பக்கம்.

லேப் பெயரைப் போடப் போவதில்லை. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற இடம். கும்பகோணத்தில் இருப்பது கலெக்‌ஷன் சென்டர் மட்டும்தான். ரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, மெஷினில் சுழற்றி, சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்து ஐஸ் பெட்டியில் வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை, அடிக்கடி கேட்கப்படாத டெஸ்ட்டை ஊருக்கு ஊர் செய்ய முடியாது. நான் டி.எம்.எல்.டி. முடித்து சில வருடம் லேபில் வேலை பார்த்தவன், இப்போது உரக்கடை. அதனால் இந்த விமர்சனத்தில் ஏ.சி. குளிர்ச்சி, உட்கார நாற்காலி பற்றியெல்லாம் கொஞ்சமாகத்தான் இருக்கும், டெஸ்ட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் அண்ணிக்கு. வலங்கைமான் பக்கம் ஊர், நாற்பதைத் தாண்டிய வயது. குறுவை நடவு சமயத்திலிருந்தே அசதி, விரல் மூட்டில் வலி, சோறு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நடவுக்கு ஆள் கிடைக்காத நேரம், யாரும் காதில் வாங்கவில்லை. கண் மஞ்சளான பிறகுதான் வீடு திரும்பிப் பார்த்தது. அப்புறம் எங்கள் பக்கம் காமாலை என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது: கீழாநெல்லி, மோர், எண்ணெய் இல்லாத பத்தியம். மஞ்சள் இறங்கியது. ஊரே கீழாநெல்லியைப் புகழ்ந்தது. சம்பா அறுவடைக்குள் மறுபடி ஏறியது, ஈரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் 600-ஐத் தாண்டி நின்றது. 40-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சமாசாரம் அது.

கும்பகோணத்து டாக்டர் முதலில் வைரஸைத்தான் தேடினார், அதுதான் சரி. ஹெபடைடிஸ் வைரஸ்களில் ஏ, ஈ இரண்டுக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி, பி-க்கு அதன் மேற்புரதமான ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., சி-க்கு ஆன்டிபாடி (ஆன்டிபாடி என்றால் எதிரியைத் தாக்க உடம்பு செய்கிற புரதம்). நாலும் நெகட்டிவ். அடுத்த தடவை சீட்டில் "ஆட்டோஇம்யூன் ஒர்க்கப்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். வினை அந்த ஒரு வரியில்தான் ஆரம்பித்தது. கவுன்ட்டரில் இருந்த தம்பி கம்ப்யூட்டரில் ஆட்டோஇம்யூன், லிவர் என்று தட்டினார், பேக்கேஜ் பெயர் வந்து நின்றது, விலை ஐயாயிரத்தைத் தொடுகிற ஒரு தொகை. "இதில் ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ. இரண்டும் சேர்த்தியா?" என்று கேட்டேன், இந்தச் சந்தேகத்தில் முதலில் தேடுகிற இரண்டு ஆன்டிபாடிகள் அவை. "லிவருக்கு எல்லாமே வந்துடும் சார்" என்றார். இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அண்ணிக்கு நரம்பு சுலபத்தில் அகப்படாது, எங்கே போனாலும் கையைத் தட்டித் தட்டிச் சிவக்க வைத்துவிடுவார்கள். இங்கே அந்தப் பெண் "அம்மா, முட்டியை மடக்கிப் பிடிங்க, பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லி ஒரே குத்தில் எடுத்துவிட்டார். டியூபில் அண்ணி பெயரை அவர் எதிரிலேயே எழுதி, சரியா என்று வாசித்தும் காட்டினார். ரத்தம் உறையும் வரை காத்திருந்து பிறகுதான் சுழற்றினார்கள். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அவசரப்பட்டுச் சிவப்பணு உடைந்த சாம்பிளில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு என்சைம் பொய்யாக ஏறும், அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு வீடு அழும். ஒரே ஒரு குறை, வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்று அடம் பிடித்து, ஏற்கனவே சாப்பிடாமல் துவண்டுபோயிருக்கிற மனுஷியைக் காலை பஸ்ஸில் பட்டினியாக வரவழைத்தது. ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து மாறாது.

ரிப்போர்ட் சொன்ன நாளில் வரவில்லை, அது போகட்டும். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்தது. எட்டு வரி. ஏழு வரியில் நெகட்டிவ். கடைசி வரியில் மட்டும் சிவப்பு நிறத்தில், தடித்த எழுத்தில், பாசிட்டிவ்.

அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த எட்டு வரி என்னவென்று விளக்கினால்தான் என் புகார் புரியும். இது இம்யூனோபிளாட் என்ற முறை. மெல்லிய பட்டை ஒன்றில் குறிப்பிட்ட சில புரதங்களைக் கோடு கோடாகப் பதித்திருப்பார்கள். நோயாளியின் சீரத்தில் அதை ஊறவைத்தால், எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதோ அந்தக் கோடு நிறம் பிடிக்கும். எங்களுக்கு வந்த பட்டையில் இருந்தவை ஏ.எம்.ஏ.-எம்2, எஸ்.பி.100, பி.எம்.எல்., ஜி.பி.210, எல்.கே.எம்.-1, எல்.சி.-1, எஸ்.எல்.ஏ./எல்.பி., ஆர்.ஓ.-52. இதில் முதல் நாலும் பித்தநாளங்களைத் தாக்குகிற பி.பி.சி. என்ற வேறொரு நோயைத் தேடுபவை. எல்.கே.எம்.-1-ம் எல்.சி.-1-ம் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸில், அதாவது எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கி வருகிற அழற்சியில், இரண்டாவது வகையைத் தேடுபவை, அந்த வகை பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் வருவது. எஸ்.எல்.ஏ./எல்.பி. நல்ல டெஸ்ட், அது பாசிட்டிவ் என்றால் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம், ஆனால் நோய் உள்ளவர்களில் சிறு பகுதியினரிடம்தான் அது தெரியும். கடைசியில் சிவப்பாக மின்னிய ஆர்.ஓ.-52, பல உறுப்புகளைத் தாக்குகிற லூபஸ் என்ற ஆட்டோஇம்யூன் நோயிலும் வரும், கண்ணும் வாயும் வறண்டுபோகிற ஷோக்ரன் நோயிலும் வரும், சில தசை நோய்களிலும் வரும், ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸிலும் வரும். தனியாக நின்று அது எந்த நோயையும் முடிவு செய்யாது.

பெரியவர்களுக்கு வருகிற ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் பெரும்பாலும் முதல் வகை. அந்த வகையின் அடையாளம் ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ. என்ற இரண்டு ஆன்டிபாடிகள். எட்டு வரியில் அந்த இரண்டையும் காணோம். நடுத்தர வயதுப் பெண்ணுக்கு இந்த நோய் என்று சந்தேகம் வந்தால் எவனும் முதலில் தேடுகிற இரண்டும் இல்லாத ஒன்றுக்கு "ஆட்டோஇம்யூன் லிவர் ப்ரொஃபைல்" என்று பெயர் வைத்து, சேர்த்தியா என்று வாய்விட்டுக் கேட்டபோதும் "எல்லாமே வந்துடும்" என்று காசு வாங்கினால் அதை என்னவென்று சொல்வது? பட்டையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பித்தநாள நோய் என்று சந்தேகம் உள்ளவருக்கு, காமாலையோடு வருகிற குழந்தைக்கு, அது உபயோகமான டெஸ்ட். அவர்களுக்காகத்தான் மேலே 4 மார்க் என்றேன். கோபமெல்லாம் பெயரின் மேல்தான்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். பாட்டு முடிந்து ஆள் வந்ததும், எஸ்.எம்.ஏ. ஏன் இல்லை என்று கேட்டேன். "சார், அது தனி கோட்" என்றார். அப்படியானால் கவுன்ட்டரில் ஏன் எல்லாம் வரும் என்றார்கள் என்று கேட்டேன். "சார், பேக்கேஜ்ல உள்ளது எல்லாம் வந்திருக்கே" என்றார். தர்க்கப்படி சரியான பதில்தான்! ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டரிடம் பேச முடியுமா என்றதற்கு, மெயில் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

இதற்குள் வீட்டில் இரண்டு கட்சி. சிவப்பு வரியைப் பார்த்தவர்கள் லூபஸ் என்றார்கள், ஏழு நெகட்டிவைப் பார்த்தவர்கள் ஆட்டோஇம்யூன் இல்லை, வைரஸும் இல்லை, பழையபடி பத்தியத்துக்கே போகலாம் என்றார்கள். இரண்டாவது கட்சிதான் ஆபத்தான கட்சி. டாக்டர் அந்தப் பட்டையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பழைய எல்.எஃப்.டி. (ஈரல் செயல்பாட்டு டெஸ்ட்) தாளைத் தேடி எடுத்து குளோபுலின் என்ற வரியில் விரலை வைத்தார். எல்லோரும் பிலிருபினையும் எஸ்.ஜி.பி.டி.யையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிற தாள் அது. மொத்தப் புரதம் கூடி, ஆல்புமின் குறைந்து, குளோபுலின் எகிறியிருந்தது. ஆன்டிபாடிகளை உடம்பு மூட்டை மூட்டையாகச் செய்கிறது என்பதற்கு சில நூறு ரூபாய் டெஸ்ட்டிலேயே தடயம் இருந்திருக்கிறது. ரத்தத்தில் அதிகமாக இருக்கிற ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.ஜி.யின் அளவை எடுக்கச் சொன்னார். ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ. இரண்டையும் ஐ.எஃப். முறையில் (ஒளிரும் சாயத்தில் பார்ப்பது), டைட்டரோடு என்று இந்த முறை விவரமாக எழுதிக் கொடுத்தார்.

இதற்காகப் போன இடம் தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேப். அதற்கும் பெயர் வேண்டாம், ஒன்றுக்குப் போடாமல் இன்னொன்றுக்குப் போட்டால் விளம்பரம் ஆகிவிடும். இடம் சின்னது, உட்கார பெஞ்சு இரண்டுதான், மின்விசிறி சத்தத்தில் கூப்பிடுகிற பெயர் காதில் விழாது, ரசீது கையால் எழுதினார்கள், பார்க்கிங் என்று ஒன்று கிடையவே கிடையாது. விலை முதல் இடத்தில் பாதிக்கும் கீழே. ஆனால் நான் இரண்டு கேள்வி கேட்டேன், இரண்டுக்கும் பதில் சொல்ல அங்கே ஆள் இருந்தார்.

முதல் கேள்வி, எதில் பார்க்கிறீர்கள்? எலியின் ஈரல், சிறுநீரகம், இரைப்பை மூன்றையும் மெல்லிய சீவலாக ஒரே கண்ணாடித் துண்டில் வைத்திருப்பார்கள். அதன் மேல் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இரைப்பையின் தசைப் படலம் பச்சையாக ஒளிர்ந்தால் எஸ்.எம்.ஏ. சிறுநீரகத்தில் ரத்தக்குழாய் மட்டும் ஒளிர்கிறதா, வடிகட்டி முடிச்சுகளும் நுண்குழாய்களும் சேர்ந்து ஒளிர்கின்றனவா என்று கூடுதலாகப் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் மட்டும் என்றால் வைரஸ் நோயிலும் அப்படி வரும். முடிச்சும் நுண்குழாயும் சேர்ந்தால் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் பக்கம் பலமாகச் சாயும். இந்த நுணுக்கம் ஒரு பட்டையிலும் கிடைக்காது, பார்க்கிற கண் பழகியிருக்க வேண்டும். அந்த லேபில் இருந்த மேடத்துக்குப் பழகியிருந்தது.

இரண்டாவது கேள்வி, எந்த டைட்டர் வரை போவீர்கள்? சீரத்தை 40 மடங்கு, 80, 160, 320 என்று நீர்த்துக்கொண்டே போய், எது வரை ஒளிர்கிறது என்று பார்ப்பதுதான் டைட்டர். மோரில் தண்ணீரை விளாவிக்கொண்டே போகிறோம், எத்தனையாவது செம்பு வரை புளிப்பு தெரிகிறது என்று பார்த்தால் தயிர் எவ்வளவு புளித்தது என்று தெரியுமில்லையா, அந்தக் கணக்குதான். வெறும் "பாசிட்டிவ்" என்று போட்ட ரிப்போர்ட் புளிப்பு இருக்கிறது என்று சொல்கிறது, எவ்வளவு என்று சொல்வதில்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்களையே எடுத்து 1:40-ல் ஏ.என்.ஏ. பார்த்தால் நாலில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் வரும், 1:160-க்குப் போனால் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் குறைந்துவிடும். எண் இல்லாத ஏ.என்.ஏ. ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அண்ணிக்கு எஸ்.எம்.ஏ. 1:320, முடிச்சு நுண்குழாய் எல்லாம் ஒளிர்ந்தது என்று கையால் குறிப்பு வேறு. ஏ.என்.ஏ. 1:160. ஐ.ஜி.ஜி. 2,600-க்கு மேல், மேல் வரம்பு 1,600 என்று போட்டிருந்தது. ஈரலில் துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸியும் செய்தார்கள், ஈரல் செல் கூட்டங்களின் ஓரத்தை அரிக்கிற அழற்சி, ஆன்டிபாடி செய்கிற பிளாஸ்மா செல்கள் நிறைய என்று வந்தது. 2008-ல் இந்த நோய்க்கு ஒரு எளிய மதிப்பெண் முறை வந்தது, டாக்டர் அதைத் தாளில் போட்டுக் காட்டினார். ஆன்டிபாடிக்கு 2, ஐ.ஜி.ஜி.க்கு 2, பயாப்ஸிக்கு 2, வைரஸ் இல்லாததற்கு 2. மொத்தம் 8-க்கு 8. 6 வந்தால் இருக்கலாம், 7-ஓ அதற்கு மேலோ வந்தால் நிச்சயம். ப்ளஸ் டூவில்கூட எங்கள் குடும்பத்தில் யாரும் முழு மார்க் வாங்கியதில்லை என்று அண்ணி சொல்லிச் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மதிப்பெண்ணில் "வைரஸ் இல்லாததற்கு 2" என்று இருக்கிறதே, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு எங்கள் தெருவிலேயே சாட்சி இருக்கிறார். எதிர்வீட்டு மாமா, கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கிற பையன் ஆன்லைனில் ஒரு "ஃபுல் பாடி" பேக்கேஜ் வாங்கிக் கொடுத்தான், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். எஸ்.ஜி.பி.டி. 90 சொச்சம், ஏ.என்.ஏ. பாசிட்டிவ். பையன் இன்டர்நெட்டில் படித்துவிட்டு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்று முடிவே கட்டிவிட்டான், ஸ்டீராய்டு எப்போது ஆரம்பிப்பது என்பதுதான் பாக்கி. அண்ணி கதை தெரிந்ததால் மாமா அந்தத் தாளை என்னிடம் காட்டினார். நான் டாக்டர் இல்லை, ஆனால் அத்தனை பக்கப் பேக்கேஜில் பி, சி வைரஸ் இரண்டும் இல்லை என்பது தெரிந்தது. வைட்டமின் டி இருந்தது, மூன்று வகைக் கொழுப்பு இருந்தது, யூரிக் ஆசிட் இருந்தது. "மாமா, எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். தொண்ணூறுகளில் ஒரு ஆபரேஷனில் ஏற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் தானமாக வருகிற ரத்தத்தில் சி வைரஸைச் சோதிப்பது கட்டாயமானதே 2000-களின் தொடக்கத்தில்தான். சி ஆன்டிபாடி பாசிட்டிவ், வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிற ஆர்.என்.ஏ. பரிசோதனையிலும் வைரஸ் உறுதி.

அப்படியானால் அவருடைய ஏ.என்.ஏ. பொய்யா என்றால் இல்லை, அதுவும் நிஜம்தான். பி, சி வைரஸ் நாள்பட்டு இருக்கிறவர்களில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு ஏ.என்.ஏ.வோ எஸ்.எம்.ஏ.வோ தெரியும், பெரும்பாலும் குறைந்த டைட்டரில். இரண்டாவது வகையின் முத்திரை என்று சொன்ன எல்.கே.எம்.-1-கூட சி வைரஸ் நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரும். எல்.கே.எம்.-1 தாக்குகிற ஈரல் என்சைமும் சி வைரஸின் புரதமும் சில இடங்களில் ஒரே ஜாடையில் இருக்கின்றன, ஒன்றுக்கென்று செய்த ஆன்டிபாடி இன்னொன்றிலும் போய் ஒட்டுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். இதற்குத் தலைகீழாகவும் நடக்கும். குளோபுலின் மிதமிஞ்சி இருக்கிற ஆட்டோஇம்யூன் நோயாளிக்கு சி ஆன்டிபாடி டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். 1989-ல் சி வைரஸைக் கண்டுபிடித்ததை ஒட்டி வந்த முதல் தலைமுறை எலைசா ஆன்டிபாடி டெஸ்ட்டில் இந்தத் தொல்லை நிறையவே இருந்தது. அதனால்தான் ஆர்.என்.ஏ. பார்க்காமல் யாரும் சி என்று முத்திரை குத்தக் கூடாது.

இந்தக் குழப்பம் வெறும் தாளோடு நின்றுவிடுவதில்லை. ஆட்டோஇம்யூனுக்கு மருந்து பிரெட்னிசோலோன், அசதயோபிரின் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்குபவை. உள்ளே வைரஸ் இருக்கிறவருக்கு அதைக் கொடுத்தால் வைரஸுக்குக் கொண்டாட்டம். சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மறுபக்கமும் கத்திதான், ஆட்டோஇம்யூன் ஈரலில் இன்டர்ஃபெரான் போனால் நோய் கொழுந்துவிட்டு எரியும். இப்போது சி-க்கு மாத்திரைதான், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம். மாமாவுக்கு அது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைத்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். பையன் ஆன்லைனில் கட்டிய பேக்கேஜ் பணம் எவ்வளவு என்று மாமா இன்னும் சொல்ல மறுக்கிறார். எஸ்.ஜி.பி.டி. இறங்கிவிட்டது. அந்த ஏ.என்.ஏ.வைத் திரும்ப எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

மாமா ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். ஏ.என்.ஏ. 1:100 என்று இருந்தது. அண்ணிக்கு 1:160. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாருக்கு எவ்வளவு கூட என்று ஒப்பிட முடியாது. மாமாவுக்குப் பார்த்தது ஹெப்-2 என்ற மனித செல்லில், சில லேப்களில் அந்த முறையில் 100, 320, 1000, 3200 என்று நீர்ப்பார்கள். எலித் திசுவில் 40, 80, 160 என்று போகும். ஹெப்-2 செல்லில் ஏ.என்.ஏ. சுலபமாகவே ஒளிரும், அதனால் அங்கே கொஞ்சம் உயர்ந்த எண்ணுக்குத்தான் மதிப்பு. குழந்தைகளுக்குக் கணக்கே வேறு, எலித் திசுவில் 1:20 வந்தாலே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். எந்த லேபில் எடுத்தீர்களோ அடுத்த முறையும் அதே லேபில் எடுப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லையென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அது வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட விஷயம் இல்லை. 1988-ல் சென்னையில் தியாகராஜன் குழுவினர், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பி வைரஸ் தாங்கிகளில் கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்புரதம் மறைந்தது, டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது பி வைரஸுக்கான கதை. அண்ணிக்கு மஞ்சள் இறங்கியதற்குக் கீழாநெல்லி காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் தானாகவே ஏறும், இறங்கும், அது அதன் சுபாவம்.

ஆனால் சீந்தில் கொடி வேறு ரகம். கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று ஊர் ஊராகக் குடித்தார்களே, அதைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு ஆட்டோஇம்யூன் மாதிரியே ஈரல் அழற்சி வந்ததாக 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள், அடுத்த வருடம் பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் முதலில் வந்த அந்த அறிக்கையை ஏற்கவில்லை. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் என்ன பொடி, என்ன கஷாயம் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போங்கள். ஆன்டிபாடி ரிப்போர்ட் எதுவும் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டாது, மருந்தால் வந்ததிலும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆகும்.

சரி, முதல் லேபுக்கே திரும்பி வருகிறேன். பிரெட்னிசோலோன் ஆரம்பிப்பதற்கு முன் பி வைரஸின் கோர் ஆன்டிபாடியும் பார்க்கச் சொன்னார் டாக்டர். மேற்புரதம் நெகட்டிவாக இருந்தாலும் முன்பு எப்போதோ வந்துபோன பி வைரஸ் ஈரலுக்குள் பதுங்கியிருக்கலாம், ஸ்டீராய்டில் அது மறுபடி தலை தூக்கலாம். இந்த டெஸ்ட்டுக்குக் கும்பகோணத்து சென்டருக்கே மறுபடி போனோம், தஞ்சாவூர் வரை அலைய வேண்டாமே என்று. அதே பெண், அதே ஒரே குத்து, இந்த முறை ரிப்போர்ட் சொன்ன நாளிலேயே வந்தது. தனி டெஸ்ட்டாகப் பெயர் சொல்லிக் கேட்டால் இந்த லேபில் எனக்குப் புகார் இல்லை. பேக்கேஜாகப் போனால்தான் மாட்டிக்கொள்கிறோம். கவுன்ட்டரில் இருந்த தம்பி "சார், அந்த லிவர் ப்ரொஃபைல்ல இப்ப ஆஃபர் போகுது" என்றார். கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: டாக்டர் சீட்டில் "ஒர்க்கப்" என்று மட்டும் இருந்தால் கவுன்ட்டருக்குப் போகாதீர்கள், திரும்பப் போய் எந்தெந்த ஆன்டிபாடி, எந்த முறை என்று எழுதி வாங்குங்கள், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வைரஸ் டெஸ்ட் முடியாமல் ஆன்டிபாடிக்குப் போகாதீர்கள். ஐ.ஜி.ஜி.யை விடாதீர்கள், விலை குறைவு, நோய் அடங்குகிறதா என்று பின்னால் பார்க்கவும் அதுதான் உதவும். எல்லா ஆன்டிபாடியும் நெகட்டிவ் என்று வந்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட முடியாது, இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு ஆன்டிபாடி எதுவுமே தெரியாமல் இருப்பார்கள், அங்கே பயாப்ஸிதான் பேசும். வீட்டில் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் தொற்றாது, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். அண்ணிக்கு வைத்தார்கள், அண்ணன்தான் எடுத்துப் போட்டார்.

அண்ணி இப்போது மாத்திரையில் இருக்கிறார். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, அது ஸ்டீராய்டின் வேலை, அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அசதயோபிரின் போவதால் ரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது, அதை வலங்கைமானிலேயே எடுத்துவிடுகிறோம். ஐ.ஜி.ஜி.க்கு மட்டும் தஞ்சாவூர். அங்கே போகிறவர்கள் காலை ஏழரைக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் வெளிநோயாளிகள் வந்து பெஞ்சு நிறைந்துவிடும். வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் விட முடியாது, பக்கத்துச் சந்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்கள், நேரில்தான் போய் வாங்க வேண்டும், அன்றைக்கு மைக்ராஸ்கோப் பார்த்த மேடம் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு போனால் சந்தேகத்தையும் கேட்டுவிட்டு வரலாம்.